‘தானா சாப்பிடுவாளா?’ – மாற்றுத்திறனாளி சான்றும் உதவித்தொகையும்

2019 ஆம் ஆண்டு, அண்ணன் மகளுக்கு மாற்றுத்திறனாளி சான்று வாங்க அரசு மருத்துவமனை முகாமுக்கு நானும் கூடப் போயிருந்தேன். அவளுக்கு அறிவுசார் குறைபாடு. அப்போது ஒன்பது வயது. காலை எட்டு மணிக்கே வராந்தா நிறைந்துவிட்டது. சக்கர நாற்காலிக்காரர்கள் ஒரு பக்கம், கைக்குழந்தையோடு தாய்மார்கள் ஒரு பக்கம். எங்கள் முறை வந்தபோது மணி ஒன்று. உள்ளே இருந்த உளவியலாளர் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“தானா சாப்பிடுவாளா?”

“சாப்பிடுவா சார்.”

“டிரெஸ் போட்டுக்குவாளா?”

“போட்டுக்குவா சார்.”

“பாத்ரூம் வந்தா சொல்லுவாளா?”

“அதெல்லாம் சொல்லிடுவா சார்.”

அண்ணி பொய் சொல்லவில்லை. சாதத்தைக் குழையப் பிசைந்து, ஸ்பூனைக் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து ‘அடுத்த வாய், அடுத்த வாய்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அவள் தானாகத்தான் சாப்பிடுவாள். சட்டையைத் தலைவழியே மாட்டிவிட்டால் கையை நுழைத்துக்கொள்வாள். ஒன்பது வருடம் பாடுபட்டு அண்ணி சொல்லிக்கொடுத்தது அது. பத்துப் பேர் பார்க்க, முன்பின் தெரியாத ஒருவர் கேட்கும்போது, ‘என் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்?

கையில் வந்த தாளில் 25 சதவீதம் என்று எழுதியிருந்தது.

மாற்றுத்திறனாளிகளுக்கான உதவிகள் எல்லாமே இந்த ஒரு எண்ணில்தான் தொடங்குகின்றன. எந்தத் திட்டத்தில் எவ்வளவு பணம் என்பதை விசாரித்து வைத்திருப்பவர்கள் நிறைய. அந்த எண் எப்படி வருகிறது, அது எந்தெந்தக் கதவைத் திறக்கும் என்று யோசித்துவிட்டு முகாமுக்குப் போகிறவர்கள் மிகக் குறைவு. நாங்களும் யோசிக்காமல் போனவர்கள்தான்.

சட்டத்தில் இருந்து தொடங்குகிறேன். 1995 ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களை மட்டுமே கணக்கில் எடுத்தது. அதற்குப் பதிலாக வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 அதை 21 வகைகளாக விரித்தது. 2017 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச்சிதைவு நோய், ஹீமோபிலியா, தலசீமியா, பார்க்கின்சன், அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் என்று முன்பு சட்டத்தின் கண்ணிலேயே படாதவர்கள் உள்ளே வந்தார்கள். ‘நடக்க முடிகிறதே, இவருக்கு எதற்குச் சான்று’ என்ற பேச்சுக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. ஆனால் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. பெரும்பாலான உதவிகளுக்குக் குறைந்தது 40 சதவீதம் பாதிப்பு என்று மருத்துவச் சான்று இருக்க வேண்டும்.

சதவீதத்தை மருத்துவர் மனம்போன போக்கில் போடுவதில்லை. 2018 ஜனவரியில் மத்திய அரசிதழில் வந்த வழிகாட்டுதல் ஒவ்வொரு குறைபாட்டுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 2024 இல் அதைத் திருத்தினார்கள். கேட்கும் திறனை டெசிபலில் அளப்பார்கள். இரண்டு காதிலும் இழப்பு இருந்தால்தான் சட்டப்படி அது குறைபாடு. ஒரு காது முழுக்கக் கேட்காமல் இன்னொன்று நன்றாகக் கேட்டால் சான்று கிடைக்காது. ஒரு கண் முழுக்கப் போய், மறு கண் நன்றாக இருந்தால் 30 சதவீதம். பக்கவாதம் வந்தவருக்கு ஆறு மாதமாவது கழிந்த பிறகுதான் மதிப்பீடு. எவ்வளவு தேறுவார் என்று தெரிவதற்கு முன்பே எண்ணைப் போட்டால் அது தப்பாகிவிடும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. ஒருவருக்கு இரண்டு குறைபாடு இருந்தால் இரண்டையும் சேர்த்து மதிப்பிட வேண்டும். அப்படியே கூட்ட மாட்டார்கள். பெரிய எண்ணை 90 இல் இருந்து கழித்து, மீதியைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90 ஆல் வகுத்து, வருவதைப் பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். ஒரு கண் போனதால் 30 சதவீதமும், விபத்தில் கால் மடங்காமல் போனதால் 20 சதவீதமும் உள்ளவரை எடுத்துக்கொள்ளுங்கள். 90 இல் 30 போக 60. அதை 20 ஆல் பெருக்கினால் 1200. 90 ஆல் வகுத்தால் 13 சொச்சம். ஆக மொத்தம் 43. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே 40 க்குக் கீழே. சேர்த்துப் பார்த்தால் கோட்டைத் தாண்டிவிடுகிறார். கண் மருத்துவரிடம் மட்டும் காட்டிவிட்டு ‘எனக்கு 30 தான்’ என்று ஊர் திரும்பியவர்கள் எத்தனை பேரோ.

எங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அறிவுசார் குறைபாட்டுக்கு அப்போது பயன்படுத்தியது வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல். பிள்ளை அன்றாடம் எதைத் துணையின்றிச் செய்கிறது என்று வீட்டாரிடம் கேட்டுப் போடும் மதிப்பெண் அது. அதில் 70 முதல் 84 வரை வந்தால் 25 சதவீதம். 55 முதல் 69 வரை வந்தால் 50 சதவீதம். நடுவில் வேறு எண்ணே கிடையாது. அண்ணி பெருமையோடு சொன்ன நாலைந்து ‘ஆமாம் சார்’கள் பிள்ளையை ஒரு படி மேலே தள்ளிவிட்டன, அதற்கு வீடு கொடுத்த விலை எல்லா உதவியும். அந்த உளவியலாளரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரே நாளில் நூறு பேரைப் பார்க்கிறவர், சொன்னதைத்தான் எழுதுவார்.

அதனால் முகாமுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ‘செய்வானா?’ என்று கேட்டால் ‘எப்படிச் செய்வான்’ என்று பதில் சொல்லுங்கள். யார் கூட இருக்க வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும், விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லுங்கள். மிகைப்படுத்த வேண்டாம், அது உடனே தெரிந்துவிடும், உண்மையான கஷ்டத்தையும் சந்தேகப்பட வைக்கும். பழைய ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, சிறப்புப் பள்ளி ஆசிரியர் எழுதிய குறிப்பு எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி ஒரு ஃபைலில் கொண்டு போங்கள். மன நோய்க்குச் சான்று கேட்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். முகாமன்று பார்ப்பதற்குத் தெளிவாக இருப்பார்கள். எத்தனை வருட நோய் என்பதைத் தாள்தான் சொல்லும்.

சரி, விண்ணப்பிப்பது எப்படி? இப்போது எல்லாம் யுடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டை வழியாகத்தான். மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் நீங்களே பதியலாம். இ-சேவை மையத்திலோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ உதவி கேட்கலாம். ஆதார், புகைப்படம், கையெழுத்து அல்லது கைரேகை, முகவரிச் சான்று வேண்டும். குடியிருக்கும் மாவட்டத்து மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கலாம். சிகிச்சை எடுத்த அரசு மருத்துவமனையிலும் மதிப்பீடு கேட்க விதியில் இடம் உண்டு. மதிப்பீடு முடிந்ததும் 18 இலக்க எண்ணோடு அட்டை வரும். 40 க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80 க்கு மேல் நீலம். சட்டத்தின் 58 ஆவது பிரிவுப்படி இந்தச் சான்று நாடு முழுக்கச் செல்லும்.

2024 அக்டோபரில் விதிகளைத் திருத்தினார்கள். சான்று கொடுக்க முன்பெல்லாம் ஒரு மாதக் கெடு இருந்தது. அதை மூன்று மாதமாக்கிவிட்டார்கள். இரண்டு வருடம் முடிவாகாமல் கிடக்கும் விண்ணப்பம் செயலற்றதாகிவிடும், மறுபடி முதலில் இருந்து போட வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு, பஸ் ஏறி, துணைக்கு ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு வருகிற குடும்பத்துக்கு இந்தத் திருத்தம் நல்லதாக எனக்குப் படவில்லை. விண்ணப்ப எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு மாதம் ஒரு முறையாவது நிலையைப் பார்ப்பதைத் தவிர நம் கையில் வேறு வழி இல்லை.

சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சான்று பல சமயம் தற்காலிகமானது. அதில் காலாவதி தேதி இருக்கும். பல வீடுகளில் அந்தத் தேதியைக் கவனிப்பதே பணம் நின்ற பிறகுதான். அட்டை கைக்கு வந்ததும் முதலில் அதைப் பார்த்துக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

அட்டை வந்துவிட்டால் பணம் தானாக வரும் என்று நினைப்பவர்கள் நிறைய. வராது. அதற்குத் தனி விண்ணப்பம் போட வேண்டும். குழப்பமே இங்கேதான், ஏனென்றால் தமிழ்நாட்டில் மாதாந்திரப் பணம் இரண்டு வேறு துறைகளில் இருந்து வருகிறது.

ஒன்று, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2000 ரூபாய். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு நோய், தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு 40 சதவீதம் இருந்தால் போதும். கை கால் போன்றவற்றில் ‘கடும் பாதிப்பு’ என்ற பிரிவில் கேட்டால் 75 சதவீதம் வேண்டும். முதுகுத்தண்டுவடப் பாதிப்பு, பார்க்கின்சன், தண்டுவட மரப்பு நோய் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) உள்ளவர்களுக்கும் இது உண்டு. விண்ணப்பம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில்; பெரும்பாலும் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே இருக்கும்.

இன்னொன்று, ஊரில் ‘தாலுகா ஆபீஸ் பென்ஷன்’ என்று சொல்லப்படுவது. வருவாய்த் துறையின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் அது. 2022 டிசம்பர் 3 அன்று, மாற்றுத்திறனாளிகள் தினத்தில், முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதை 1000 ரூபாயில் இருந்து 1500 ஆக உயர்த்தி அறிவித்தார். 2023 ஜனவரியில் இருந்து அமலானது. இதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். அவர்தான் உத்தரவு போடுவார். சதவீதத்தோடு வீட்டின் வறுமை நிலையையும் இதில் பார்ப்பார்கள்.

இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. எனவே எதற்குத் தகுதி என்று முதலில் பார்த்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டும். 2000 ரூபாய்க்குத் தகுதி உள்ள தசைச்சிதைவு நோயாளி, யாரோ சொன்னார்கள் என்று தாலுகா ஆபீஸில் 1500 க்கு எழுதிக்கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் அதையே வாங்கிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். மாதம் 500 ரூபாய் என்றால் வருடத்துக்கு 6000. அந்த வீட்டில் அது மூன்று மாத மருந்துச் செலவு.

இந்த 1500 இல் மத்திய அரசின் பங்கு எவ்வளவு தெரியுமா? இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டத்தில் மாதம் 300 ரூபாய். அதுவும் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்து, 18 முதல் 79 வயதுக்குள், 80 சதவீதம் பாதிப்பு உள்ளவருக்கு மட்டும். 200 ஆக இருந்ததை 2012 இல் 300 ஆக்கியதோடு சரி. மீதி எல்லாம் மாநிலத்தின் பணம். அதனால்தான் மாநில எல்லை தாண்டினால் தொகை இவ்வளவு மாறுகிறது. பக்கத்தில் ஆந்திரப் பிரதேசத்தில் 2024 ஜூலையில் இருந்து மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 6000 ரூபாய். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு 15,000. இங்குள்ள சங்கங்கள் ‘ஆந்திராவைப் பார்’ என்று ஆட்சியர் அலுவலக வாசலில் உட்காருவதில் முழு நியாயம் இருக்கிறது. பராமரிக்க ஒரு ஆள் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருக்க வேண்டிய குடும்பத்தில் 2000 ரூபாய் அரிசி பருப்புக்கே பத்தாது.

பணம் ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் போகும். கணக்கு வெகுநாள் பயன்படுத்தாமல் முடங்கியிருந்தால், கைரேகை பதியாமல் போனால், உயிரோடு இருப்பதைக் காட்டும் வருடாந்திர வாழ்நாள் சான்று கொடுக்காமல் விட்டால் நின்றுவிடும். நின்றதும் ‘அரசாங்கம் நிறுத்திவிட்டது’ என்று உட்கார்ந்துவிட வேண்டாம். முதலில் வங்கிக்குப் போய்ப் பாஸ்புக்கை என்ட்ரி போடுங்கள். அப்புறம் எந்தத் துறையில் இருந்து வந்துகொண்டிருந்ததோ அங்கே போங்கள். பாதிப் பேர் தவறான அலுவலகத்துக்குப் போய்த் திட்டு வாங்கித் திரும்புகிறார்கள்.

மற்ற சலுகைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி வாசல். 2021 இல் இருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. வெளியூர்ப் பேருந்தில் கால் பங்கு கட்டணம். ரயிலில் ஸ்லீப்பருக்கும் மூன்றாம் வகுப்பு ஏசிக்கும் 75 சதவீதத் தள்ளுபடி, துணைக்கு வருபவருக்கும் சேர்த்து. ஆனால் அதற்கு ரயில்வே வைத்திருக்கும் தனிப் படிவத்தில் அரசு மருத்துவர் கையெழுத்து வாங்கி, ரயில்வேயிடம் தனி அட்டை பெற வேண்டும். கை கால் குறைபாடு என்றால் துணையின்றிப் பயணிக்க முடியாது என்று அந்தச் சான்றில் இருக்க வேண்டும். வருமான வரி கட்டுகிறவர்கள் பழைய வரி முறையில் 40 சதவீதத்துக்கு 75,000 ரூபாயும், 80 க்கு மேல் 1,25,000 ரூபாயும் வருமானத்தில் இருந்து கழித்துக்கொள்ளலாம். அரசு வேலையில் 4 சதவீதம், அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதம் இடஒதுக்கீடு சட்டத்திலேயே இருக்கிறது.

40 க்குக் கீழே எண் வந்தவர்களுக்கு எதுவுமே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடு உள்ள ஒருவர் குடிமைப் பணித் தேர்வில் தனக்குப் பதிலாக எழுத ஆள் கேட்டார். 40 சதவீதம் இல்லை என்று மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், இடஒதுக்கீட்டுக்குத்தான் 40 சதவீதம் வேண்டும், தேர்வு எழுத வசதி செய்து தருவதற்கு அந்தக் கோடு கிடையாது என்று தீர்ப்பளித்தது. வெள்ளை அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அண்ணன் அந்த 25 சதவீதத் தாளை மடித்து வைத்துவிட்டு, ‘விடுப்பா, நம்ம தலையெழுத்து’ என்றார். ஏறக்குறைய ஒரு வருடம் அப்படியே போனது. அவளுடைய சிறப்புப் பள்ளி ஆசிரியைதான் விடவில்லை. சான்றில் திருப்தி இல்லையென்றால் சட்டத்தின் 59 ஆவது பிரிவில் மேல்முறையீடு செய்யலாம் என்று அவர்தான் சொன்னார். சான்று மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். வாய்மொழியாக ‘வராதும்மா’ என்று சொல்லி அனுப்பினால் ‘எழுதிக் கொடுங்க சார்’ என்று மரியாதையாகக் கேளுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தால் அதற்கு ஒரு எண் போட்டுத் தருவார்கள். அந்த எண்ணை வைத்துக் கேட்கும்போது பதில் வருகிறது. அதற்கும் மேலே மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார். இதில் எதற்கும் தரகர் தேவையில்லை. ‘சதவீதம் கூட்டித் தருகிறேன்’ என்று யாராவது பணம் கேட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். போலிச் சான்று பிடிபட்டால் சிறைத் தண்டனைக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

மறுமதிப்பீட்டுக்குப் போவதற்கு முன்பு ஆசிரியை அண்ணியிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தார். பத்து நாள், காலை எழுந்ததில் இருந்து இரவு வரை, பிள்ளைக்கு எந்த வேலைக்கு யார் உதவினார்கள் என்று எழுதச் சொன்னார். அண்ணி எட்டாவது வரை படித்தவர். ‘பல்லு வெளக்க 20 நிமிசம், நான் கைய புடிச்சி’ என்று அவர் பாஷையிலேயே எழுதினார். பத்து நாளில் நோட்டு தீர்ந்துவிட்டது. இரண்டாவது முறை போனபோது அண்ணி அதிகம் பேசவில்லை. நோட்டை மேஜை மேல் வைத்தார். அன்று அங்கிருந்த மருத்துவர் நாலைந்து பக்கம் நின்று படித்தார், அப்புறம் உட்காரச் சொன்னார்.

50 சதவீதம் வந்தது. உதவித்தொகைக்கு விண்ணப்பித்து, அதற்கும் காத்திருந்து, ஒருவழியாக இப்போது மாதா மாதம் வருகிறது.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பிள்ளைக்கு 18 வயதானால் சட்டத்தின் பார்வையில் அவள் மேஜர். அவள் பெயரில் உள்ள கணக்கில் பெற்றோர் கையெழுத்துப் போட முடியாது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999 இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்று வாங்க வேண்டும். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கும் வழி உண்டு. 18 முடிந்து வங்கியில் திருப்பி அனுப்பிய பிறகு ஓடாமல், முன்கூட்டியே தாள்களைச் சேர்க்கத் தொடங்குவது நல்லது. அண்ணன் இப்போதே அதற்கு ஒரு பச்சை ஃபைல் வாங்கி வைத்திருக்கிறார். அதில் முதல் தாளாக அந்த 25 சதவீதச் சான்றின் நகல், அடுத்து 50, அதற்குப் பின்னால் அண்ணியின் நாற்பது பக்க நோட்டு.